தயிருக்குள் புதைத்த குளிசை

இன்று காலை பாமசியில் ஒரு புதிய டப்பாவைத் திறந்தேன். பாதி சிவப்பும் பாதி மஞ்சளுமான கப்சூல்கள், ஆயிரம். மூடிக்குக் கீழே அடைத்திருந்த பஞ்சை எடுத்ததும் அந்த மணம் வந்தது. மழையில் நனைந்த தோல் செருப்பை வெயிலில் வைத்தால் ஒரு மணம் எழும்புமே, அதோடு கொஞ்சம் கசப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு அது வெறும் மருந்து மணம். எனக்கு அது தயிர் மணத்தையும் இழுத்துக்கொண்டு வரும், பாசிக்குடாவில் ஜன்னல் இல்லாத ஒரு அறையையும் இழுத்துக்கொண்டு வரும், கடைசியில் ஒருத்தியின் குரலையும் இழுத்துக்கொண்டு வரும். அந்தக் குரல் வந்துவிட்டால் அன்று பகல் முழுவதும் நான் யாரோடும் நன்றாகப் பேசமாட்டேன். கூட வேலை செய்யும் பிள்ளைகளுக்கு இது தெரியும். "அக்கா அந்த டப்பாவத் திறந்திட்டா. இண்டைக்கு ஒருத்தரும் லீவு கேக்காதீங்க" என்று ஒருத்தி மற்றவளுக்குச் சொன்னது என் காதில் விழுந்தது.

நல்லவள் என்று பெயர் எடுக்க நான் இதை எழுதவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு ஆரையம்பதியில், வாவிப் பக்கமாக. அப்பா வாவியில் வலை போடுகிறவர். அம்மாவுக்குக் கையெழுத்து இல்லை, பெருவிரல்தான். எங்கள் குடும்பத்தில் பேனை பிடித்த முதல் கை என்னுடையது. கறண்டு பில், வங்கிக் கடிதம், கல்யாணக் காட், பிஸ்கட் பெட்டியின் பின்பக்கம் என்று வீட்டுக்குள் வருகிற எழுத்தெல்லாம் என் வாய் வழியாகத்தான் மற்றவர்களுக்குப் போகும். வாசித்துவிட்டு என் சொந்த அபிப்பிராயத்தையும் சேர்த்துச் சொல்வேன். யாரும் மறுக்கமாட்டார்கள். பத்து வயதிலேயே நீதவான் ஆகிவிட்ட ஒருத்திக்கு 'தெரியாது' என்ற சொல் எப்படி வாயில் வரும்? பின்னால் நடந்த கெடுதியில் பாதி அதனால் வந்தது. மீதிப் பாதிக்கு நிரோஷா மிஸ் பொறுப்பு.

உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் சித்தியடைந்தேன். பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி மட்டும் கைக்கு எட்டவில்லை. இரண்டாம் முறை சோதினை எடுக்கும் வரைக்கும் சும்மா இருக்கக் கூடாது என்று பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலுக்கு விண்ணப்பித்தேன். நேர்முகப் பரீட்சை தொலைபேசியில் நடந்தது. ஆங்கிலத்தில் கேட்டார்கள், ஆங்கிலத்தில் சொன்னேன், வரவேற்பு மேசையில் வேலை என்றார்கள். அம்மா அன்று பின்னேரமே ஊரில் பாதிக்குச் சொல்லி முடித்துவிட்டா. "என்ட மகள் முன்னுக்கு நிண்டு வெள்ளக்காரரோட பறையப் போறாள்" என்று அவ சொன்ன விதத்தில், மற்ற வேலைக்காரரெல்லாம் எனக்குப் பின்னால் நிற்பார்கள் என்று கேட்டவர்கள் நினைத்திருப்பார்கள்.

தொலைபேசியில் முகம் தெரியாது. அதுதான் சிக்கல். எனக்குப் பதினெட்டு வயதில் பரு தொடங்கியது. கன்னம், நெற்றி, நாடி. பழுத்தது, பழுக்காதது, வெளியே வராமல் உள்ளுக்குள்ளேயே இருந்து குத்துவது என்று எல்லா வகையும் என் முகத்தில் குடியிருந்தன. பச்சை மஞ்சள் பூசினேன், வேப்பிலை அரைத்துப் பூசினேன். மஞ்சள் நிறத்திலும் பச்சை நிறத்திலும் பரு இருந்தது, அவ்வளவுதான்.

நிரோஷா மிஸ் வரவேற்பு மேசைக்குப் பொறுப்பானவள். எல்லோரும் மிஸ் என்று கூப்பிட்டோம், நானும் கூப்பிட்டேன். இங்கே 'அவள்' என்றுதான் எழுதுவேன். ஒன்பது வருடம் காத்திருந்து எடுத்துக்கொண்ட உரிமை அது. அப்போது அவளுக்கு முப்பத்தெட்டு வயதிருக்கும். முகம் என்றால், கழுவித் துடைத்து வைத்த பீங்கான் கோப்பை.

மூன்றாம் நாள் ஒரு பஸ் நிறைய வெளிநாட்டுக்காரர் வந்து இறங்கினார்கள். வருகிறவர்களுக்குக் குளிர்ந்த துவாயும் கிளாசில் செவ்விளநீரும் கொடுப்பது அங்கே வழக்கம். நான் தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனேன். பாதி வழியில் அவள் வந்து தட்டை என் கையிலிருந்து எடுத்தாள். வந்தவர்களைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு அப்படியே இருக்க, பல்லுக்கிடையால் தமிழில் சொன்னாள்:

"உள்ளுக்குப் போ, பலாப்பழம். வாறவன் இளனி குடிக்கிறதா, உன்ட முகத்தப் பாத்து ஓங்காளிக்கிறதா?"

வெளிநாட்டுக்காரருக்கு விளங்கவில்லை. பக்கத்தில் நின்ற றூம்பையன்கள் நாலு பேருக்கும் நன்றாக விளங்கியது. அன்றிலிருந்து அந்த ஹோட்டலில் என் பெயர் அதுதான்.

என்னைப் பின்பக்க அறைக்குப் போட்டாள். படுக்கை விரிப்புகள் அடுக்கி வைக்கிற அறைக்குப் பக்கத்து அறை. ஒரு தொலைபேசி, ஒரு கொம்பியூட்டர், ஜன்னல் இல்லை. வருகிற அழைப்புகளுக்குப் பதில் சொல்லி அறை பதிவது என் வேலை. என் குரலில் அவளுக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. ஒரு நாள் துணிந்து போய், என்னை முன்னுக்கு எடுங்கள் என்று கேட்டேன்.

"சித்திர கழிஞ்சா சீசன். அதுக்கு முதல் முகத்தச் சரிப்பண்ணிற்று வா. சரிவந்தா முன்னுக்கு. வராட்டி நீ பின்னுக்குத்தான்" என்றாள்.

அப்போது மார்கழி. எனக்கு நாலு மாதம் இருந்தது.

லீவு எடுத்துக்கொண்டு மட்டக்களப்புக்குத் தோல் கிளினிக்குக்குப் போனேன். டொக்டர் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, டெட்ராசைக்ளின், காலையும் பின்னேரமும், மூன்று மாதம் என்று எழுதினார். மருந்து கொடுக்கும் ஜன்னலில் நீண்ட வரிசை. எனக்குப் பின்னால் எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி நின்றா. ஜன்னலுக்குள் இருந்தவர் கப்சூல்களைக் கடதாசி உறைக்குள் போட்டபடி, "இது எடுக்கிற முறை தெரியுமா?" என்று கேட்டார். நன்றாகத்தான் கேட்டார். தெரியாது என்று சொல்லியிருந்தால் அரை நிமிடத்தில் சொல்லித் தந்திருப்பார். ஊர்க்காரி கேட்கட்டும் என்று நான் ஆங்கிலத்தில், "ஐ நோ" என்றேன்.

இந்த இடத்தில் என் தலையில் நானே ஒரு குட்டுப் போட்டுக்கொள்கிறேன். நீங்களும் ஒன்று போடலாம்.

வீட்டுக்கு வந்து குளிசையை அம்மாவிடம் காட்டினேன். எங்கள் பக்கத்தில் எந்தக் குளிசையும் சூடு. காய்ச்சல் குளிசை போட்டால் இளநீர் குடிக்க வேண்டும், மற்றக் குளிசைக்குத் தயிர் தின்ன வேண்டும். இது மருந்து எழுதுகிற டொக்டருக்குத் தெரியாது, அம்மாமாருக்குத்தான் தெரியும் என்பது எங்கள் நம்பிக்கை.

"பரு வாறதே சூட்டாலதான் மனே. அதுக்கு இன்னும் சூட்டுக் குளிசையா குடுத்திரிக்கானுகள்?" என்று அம்மா உறையை முகர்ந்து பார்த்தா. "சூட்டுக்கு மேல சூடு வெச்சா முகம் வெந்திரும். எருமத் தயிருக்குள்ள வெச்சு முழுங்கு. தொண்டையிலயும் தட்டாது."

தொண்டையில் தட்டாது என்பது முழு உண்மை. எருமைத் தயிரை நீங்கள் அறிவீர்கள்தானே? சட்டியைக் கவிழ்த்தாலும் விழாது. அதில் ஒரு கரண்டி எடுத்து, இனிப்புக்குக் கித்துள் பாணி ஒரு சொட்டு விட்டு, நடுவில் குழி தோண்டிக் குளிசையைப் புதைத்து மூடி விழுங்கினால், மருந்து போட்ட மாதிரியே இருக்காது. உண்மையிலேயே போட்ட மாதிரி இல்லைத்தான், அது அப்போது எனக்குத் தெரியவில்லை.

நல்ல தயிர் வாவிக்கு அப்பால், படுவான்கரையில் கிடைக்கும். எருமைப் பட்டிகள் அங்கேதான். அப்பா கிழமைக்கு ஒரு தடவை வலை வேலையை விட்டுவிட்டுத் தோணியில் வாவியைக் கடந்து போய், இரண்டு சட்டித் தயிர் வாங்கி, மேலே தாள் கட்டி, பாசிக்குடாப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏற்றிவிடுவார். பஸ்காரன் ஹோட்டல் கேற்றில் இறக்குவான். என்னோடு அறையில் இருந்த பெண்கள் ஒரு சட்டியைக் காலி செய்துவிடுவார்கள். மற்றச் சட்டியை யாரும் தொட விடமாட்டேன். அது மருந்துச் சட்டி. காலையும் பின்னேரமும் ஒரு நாள் தவறாமல் மூன்று மாதம். இவ்வளவு ஒழுங்காக ஒரு பிழையைச் செய்த வேறொரு ஆளை நான் இன்றுவரை சந்திக்கவில்லை.

திங்கட்கிழமைகளில் நிரோஷா மிஸ் என் முகத்தைப் பரிசோதிப்பாள். கையால் தொடமாட்டாள். பேனை முனையால் என் நாடியை உயர்த்தி, வலப்பக்கம் ஒருக்கால், இடப்பக்கம் ஒருக்கால் திருப்பிப் பார்ப்பாள்.

"குளிசை போடறியா? இல்லாட்டி வித்துத் தின்னிறியா?"

"போடறன் மிஸ்."

"இன்னும் நல்லாப் பழுத்திட்டே போகுது, பலாப்பழம்."

இவ்வளவையும்கூட நான் மறந்திருப்பேன் என்று சில நேரம் நினைப்பதுண்டு. மறக்க முடியாமல் செய்தது அப்பா வந்த நாள்.

பங்குனியில் ஒரு நாள் தயிரைப் பஸ்ஸில் ஏற்றாமல் அவரே கொண்டு வந்தார். வாவி நண்டு கொஞ்சமும் கொண்டு வந்தார். மகள் முன்னுக்கு நின்று வெள்ளைக்காரரோடு பறைவதை ஒருதரம் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. வெள்ளைச் சேட்டும் சாரமும் உடுத்து, வரவேற்பு மேசைக்கே போய் என் பெயரைச் சொல்லியிருக்கிறார். அன்று நடந்ததைக் காவலாளி இரண்டு நாள் கழித்து எனக்குச் சொன்னார். நிரோஷா மிஸ் அப்பாவைக் காலிலிருந்து தலைவரை பார்த்துவிட்டு, "அப்பிடி ஒருத்தி முன்னுக்கு இல்லயே" என்றாளாம். பிறகு யோசித்துவிட்டு, "ஆ, பலாப்பழத்திட அப்பாவா?" என்று கேட்டாளாம். மேசையில் நின்ற மற்றவர்கள் சிரித்தார்களாம். அப்பா தயிரையும் நண்டையும் காவலாளியிடம் கொடுத்துவிட்டு, என்னைக் கூப்பிட வேண்டாம், பிள்ளைக்கு வேலையிருக்கும் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார். நான் அப்போது சுவருக்கு அந்தப் பக்கம், ஜேர்மனியில் இருந்து பேசிய யாருக்கோ கடல் தெரிகிற அறை பதிந்துகொண்டிருந்தேன்.

வீட்டுக்குப் போய் அவர் அம்மாவுக்குச் சொன்ன கதையை அம்மா எனக்கு போனில் அப்படியே சொன்னா.

"கண்டவராம் மனே. கண்ணாடிக்குப் பின்னால நிண்டு வெள்ளக்காரரோட பறைஞ்சுகொண்டு இரிந்தியாம். அவ்வளவு வடிவா இரிந்தியாம். கூப்பிட மனமில்லாம வந்திட்டாராம்."

என் அப்பா பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

சித்திரை வந்தது. முகம் அப்படியேதான் இருந்தது. நிரோஷா மிஸ் பேனையைக்கூட எடுக்கவில்லை. தூரத்திலிருந்து பார்த்தே கையால் 'பின்னுக்கு' என்று காட்டினாள். வருடப் பிறப்புக்கு லீவில் போன நான் திரும்பிப் போகவில்லை. போகும்போது அவளை ஒரு பார்வை பார்த்தேன். பேச நினைத்ததையெல்லாம் அந்தப் பார்வைக்குள் அடைத்திருந்தேன். அவள் கண்டாளோ இல்லையோ என்று பல நாள் யோசித்திருக்கிறேன்.

இரண்டாம் முறை எழுதிய சோதினையில் மருந்தாளர் படிப்புக்கு இடம் கிடைத்தது. இரண்டாம் வருடத்தில் ஒரு நாள் விரிவுரையாளர், டெட்ராசைக்ளினைப் பாலோடோ தயிரோடோ எடுக்கவே கூடாது என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போனார். தயிரிலுள்ள கல்சியம் மருந்தைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும். மருந்தை இரத்தத்துக்குள் போக விடாது. பெரும்பகுதி வந்த வழியே வெளியே போய்விடும். எனக்கு முன்னால் இருந்தவள் குறிப்பெடுத்தாள். நான் எடுக்கவில்லை. அப்பா தோணியில் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்த சட்டிகள் ஒவ்வொன்றாக என் கண்ணுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தன. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன், பிறகு அது சிரிப்பாக இல்லை. பக்கத்தில் இருந்தவள் தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள்.

அந்த மாதமே டொக்டரிடம் போய்த் திரும்பவும் எழுதுவித்தேன். வெறும் வயிற்றில், ஒரு கிளாஸ் தண்ணீரோடு, தயிர்ப் பக்கமே போகாமல். மூன்றாம் மாதம் கண்ணாடியில் யாரோ ஒரு பெண் நின்றாள். நல்ல தோல். கொஞ்சம் கர்வமான மூக்கு. அம்மாவிடம் தயிர்க் கதையைச் சொன்னேன். அவ ஒத்துக்கொள்ளவில்லை. "தயிர் திண்டு உள்சூடு அடங்கினபடியாத்தான் இப்ப குளிசை பிடிச்சிரிக்கு" என்றா. அம்மாவோடு வாதாட எந்தப் பட்டமும் போதாது.

அதற்குப் பிறகு வந்த வருடங்களில் நிரோஷா மிஸ்ஸை நான் எத்தனை விதமாகப் பழிவாங்கினேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். அந்த ஹோட்டலுக்கு விருந்தினராகப் போய், இளநீர் தட்டை அவள் கையிலிருந்து வாங்காமல் நிற்க வைப்பேன். அவள் என்னிடம் வேலை கேட்டு வருவாள், பேனையால் அவள் நாடியை உயர்த்துவேன். அவளுக்குச் சொல்ல ஆங்கிலத்தில் ஒரு வசனம்கூடத் தயாரித்து வைத்திருந்தேன். குளிக்கும்போது சொல்லிச் சொல்லி அதன் உச்சரிப்பு மிக நன்றாக வந்துவிட்டது.

போன மாசி மாதம் அவள் எங்கள் பாமசிக்கு வந்தாள்.

தலையில் போட்ட சோலால் முகத்தை மூக்கு வரை மூடியிருந்தாள். டொக்டர் எழுதிய துண்டை நீட்டினாள். அதே குடும்பத்து மருந்து, அவளுடைய வயதில் முகம் சிவந்து பொங்குகிற வியாதிக்கும் இதைக் கொடுப்பதுண்டு. பெயரை வாசித்தேன். பிறகு கண்களைப் பார்த்தேன்.

"முகத்துக்குத்தானே மிஸ்?" என்றேன். தேவையானதைவிடக் கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்டேன். பின்னால் நின்ற ஐந்தாறு பேரும் நிமிர்ந்தார்கள்.

"மெதுவாத் தங்கச்சி" என்று அவள் கிட்ட வந்தாள். என் நெஞ்சில் பெயர்ப் பட்டி இருந்தது. அவள் அதை வாசித்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

"வேலைக்குப் போறீங்களா?"

"ரெண்டு கிழமை லீவு எடுத்திட்டன். இந்த முகத்தோட எப்பிடி முன்னுக்கு நிக்கிற?" என்றாள். அவளைப் பின்னுக்குப் போட அங்கே ஆள் இல்லை. மேலே இருப்பவர்களுக்குப் பரு வந்தால் அது லீவு.

குளிசையை எண்ணத் தொடங்கினேன். அவள் தானாகவே பேசினாள். அவமானப்பட்டவர்கள் பாமசியில் அப்படித்தான், கேட்காததையும் சொல்வார்கள்.

"எனக்கு வாழ்க்கையில ஒரு பரு வந்ததில்ல தங்கச்சி. இது ஆற்றயோ கண்தான். எங்கட ஹோட்டல்ல முந்தி ஒரு பிள்ள இரிந்தது. முகம் முழுக்கப் பரு. பலாப்பழம் எண்டு கூப்பிடுவம், பகிடிக்கு. அது வேலைய விட்டுப் போகக்கொள்ள என்னை ஒரு பார்வ பாத்திச்சு. இப்பயும் கண்ணுக்குள்ள நிக்குது. கண்ணூறு கழிச்சும் பாத்திட்டம். போகுதில்ல."

"அந்தப் பிள்ளைட பேர் என்ன?"

அவள் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். "பேர் ஞாபகமில்ல தங்கச்சி."

ஆங்கில வசனம் நாக்கு நுனி வரை வந்தது. அதற்குள் அவள் கேட்டாள்: "இது நல்லாச் சூடாமே? வீட்டில தயிரோட போடச் சொல்றாங்க. நல்லம்தானே?"

இப்போது நீங்கள் என் இடத்தில் நில்லுங்கள். ஒரு 'ஓம்' போதும். யாருக்கும் தெரியவராது. இரண்டு கிழமை லீவு இரண்டு மாதமாகும், சீசன் வந்துவிடும், மேசைக்கு வேறொருத்தி வருவாள். அந்த 'ஓம்' என் வாய்க்குள் கித்துள் பாணி மாதிரி இனித்தது. நான் எண்ணிக்கொண்டிருந்த குளிசை எத்தனை என்பது மறந்துபோய்த் திரும்ப முதலில் இருந்து எண்ணினேன்.

சொல்லவில்லை. கருணை என்று நினைத்துவிடாதீர்கள். கண்ணாடிக்குப் பின்னால் நின்று தன் மகள் வேலை செய்வதைக் கண்டதாக என் அப்பா ஒரு பொய் சொன்னார். அந்தப் பொய்யை மெய்யாக்க எனக்கு ஆறு வருடம் எடுத்தது. நான் நிற்கிற இடத்துக்கும் முன்னால் ஒரு கண்ணாடி இருக்கிறது. அங்கே நின்றுகொண்டு பிழையான மருந்துச் சொல் ஒன்றை, அதுவும் அவளுக்காக, நான் செலவழிப்பதா?

"தயிர் கூடாது மிஸ்" என்றேன். கடைசி ஆளுக்கும் கேட்கிற சத்தத்தில் சொன்னேன். "பால் கூடாது. பால் தேத்தண்ணி கூடாது. எல்லாத்துக்கும் ரெண்டு மணித்தியாலம் விடணும். முகப் பருவுக்குப் போடுற குளிசை, போட்ட உடன படுக்கக் கூடாது. முகத்தில வெயில் படக் கூடாது. எங்க, ஒருக்காத் திருப்பிச் சொல்லுங்க."

சொன்னாள்.

"பால் தேத்தண்ணிய விட்டிட்டீங்க. மறுகாச் சொல்லுங்க."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவள் மூன்றாம் முறை சொல்லும்போது சோல் நழுவிவிட்டது. முகத்தை நன்றாகப் பார்த்தேன். அவசரப்படாமல், வலப்பக்கம் ஒருக்கால், இடப்பக்கம் ஒருக்கால்.

உறையை வாங்கிக்கொண்டு தயங்கி நின்றாள். "அப்ப அந்தக் கண்ணூறு?"

"இது பருவுக்கு மட்டும்தான் மிஸ். கண்ணூறுக்கு எங்களிட்ட மருந்தில்ல. அந்தப் பிள்ள வந்து தன்ட வாயால விட்டாத்தான் போகும்."

"அது எங்க இரிக்கோ?"

"தேடிப் பாருங்க" என்றேன். அடுத்த ஆளின் துண்டை வாங்கினேன்.

அவள் போன பிறகுதான் ஒன்று உறைத்தது. அந்தப் பிள்ளை உண்மையிலேயே எங்கும் இல்லை. பரு இருந்த வருடங்களில் நான் யாரையும் என்னைப் படம் எடுக்க விடவில்லை. ஹோட்டல் அடையாள அட்டையில் ஒரு படம் இருந்தது, அதைக் கல்லடிப் பாலத்தில் நின்று வாவிக்குள் எறிந்துவிட்டேன். அம்மாவிடம் கேட்டால், "உனக்கு எங்ககா பரு இரிந்த? எப்பயும் வடிவாத்தானே இரிந்தாய்" என்கிறா, சத்தியமும் செய்வா. அப்பா அந்த நாட்களைப் பற்றிப் பேசுவதில்லை. எனக்கேகூட கண்ணை மூடினால் பருவின் வலி வருகிறது, முகம் வருவதில்லை. பத்தொன்பது வயதில் எனக்கிருந்த முகத்தை இந்த உலகத்தில் இப்போது ஒரே ஒருத்திதான் வைத்திருக்கிறாள்.

மருந்து நல்ல மருந்து, அவளுடைய பரு இதற்குள் வாடியிருக்கும். வாடட்டும். காலையில் மேசைக்குப் போக முதல் அவள் கண்ணாடிக்கு முன்னால் நிற்கும்போது அந்தப் பிள்ளை வந்து பக்கத்தில் நிற்கட்டும். அந்த முகத்தை நான் திருப்பிக் கேட்கப் போவதில்லை.